அளவறிந்து முடுக்குவோம்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் முன்னோர் மொழி. அக்காலத்தில் மாட்டு வண்டியின் சக்கரம் கழன்று விழாமல் காத்தது ஒரு சிறு இரும்பு ஆணியேயாகும். இன்று மாட்டு வண்டிகள் மறைந்து லாரியும் டிராக்டரும் மோட்டார் சைக்கிளும் தோட்டத்துச் சாலைகளில் ஓடுகின்றன. ஆயினும் முன்னோர் கூறிய உண்மை மாறவில்லை. அன்று அச்சாணி செய்த வேலையை இன்று போல்ட்டும் நட்டும் திருகாணியும் செய்கின்றன.

விடியற்காலையில் பால் வெட்டச் செல்லும் தொழிலாளியின் சைக்கிள், புல் வெட்டும் இயந்திரம், பால் ஏற்றும் லாரி, ரப்பர் தகடு உருட்டும் ரோலர், ஆட்களை ஏற்றிச் செல்லும் டிராக்டர் ஆகிய யாவும் நட்டுகளை நம்பியே இயங்குகின்றன. அவற்றுள் ஒன்று கழன்றாலும் விளைவு சிறியதாக இராது. வேகமாகச் சுழலும் வெட்டுத் தகடு கழன்று பறந்தால் அது யார்மீது பாயும் என்று எவராலும் கூற இயலாது. ஓடும் லாரியின் சக்கரம் கழன்றாலும் அவ்வாறே.

நட்டை முடுக்குவது எவருக்கும் தெரிந்த வேலை என்றே பலரும் எண்ணுகின்றனர். கையில் வலு உள்ளவன் ஓங்கி முடுக்கினால் போதும் என்பது பரவலான கருத்து. இது தவறான கருத்தாகும். நட்டு தளர்ந்திருப்பதால் வரும் கேடு ஒரு வகை. அளவுக்கு மீறி முடுக்குவதால் வரும் கேடு இன்னொரு வகை. தூய்மை, ஒழுங்கு, அளவு, மறுபார்வை ஆகிய நான்கும் சேர்ந்ததே முறையான முடுக்குதல். அதன் காரணத்தையும் முறையையும் இக்கட்டுரையில் காண்போம்.

நட்டு பிடித்துக்கொள்வது எவ்வாறு?

போல்ட்டின் உடலில் சுற்றிச் சுற்றிச் செல்லும் வரியைப் புரி என்கிறோம். கேமரன் மலைக்கு வளைந்து வளைந்து ஏறும் சாலையை நினைத்துப் பாருங்கள். செங்குத்தாக ஏற முடியாத மலையை அச்சாலையின் வழியே லாரி மெல்ல மெல்ல ஏறிவிடுகிறது. புரியும் ஓர் ஆணியைச் சுற்றிச் செல்லும் அத்தகைய சரிவுப் பாதையே. 8 மில்லிமீட்டர் பருமனுள்ள சாதாரண போல்ட்டில் நட்டை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் அது 1.25 மில்லிமீட்டர் தூரமே முன்னேறும். சுற்றும் தூரம் மிகுதி, முன்னேறும் தூரம் குறைவு. அதனால் சிறிய கைவிசை மிகப் பெரிய இழுவிசையாக மாறுகிறது.

நட்டு பொருளின் மேல் அமர்ந்த பின்னும் நாம் முடுக்கும்போது என்ன நிகழ்கிறது? போல்ட் சிறிது நீள்கிறது. இரும்பு நீளுமா என்று வியக்க வேண்டா. ரப்பர் வளையம் நீள்வதைப் போலவே உருக்கும் நீளும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவே நீளும். நீண்ட போல்ட் தன் பழைய அளவுக்குத் திரும்ப முயல்கிறது. அம்முயற்சியே இரு பொருள்களையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் விசையாகும். ஆகவே முடுக்கப்பட்ட போல்ட் என்பது இழுத்துக் கட்டிய ஒரு சுருள்வில்லுக்கு நிகரானது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 25 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் நுனியில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் உண்டாகும் முறுக்கு விசை ஏறத்தாழ 25 நியூட்டன் மீட்டர். நல்ல உருக்கினால் செய்த 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு இதுவே பொதுவாகக் கூறப்படும் அளவு. இவ்வளவு முடுக்கினாலே அச்சிறு போல்ட் ஏறத்தாழ ஒன்றரை டன் விசையோடு பொருள்களை அழுத்திப் பிடிக்கிறது. விரல் பருமன்கூட இல்லாத ஓர் ஆணி இவ்வளவு பெரிய விசையைத் தாங்கி நிற்பது வியப்பன்றோ?

அந்த வேளையில் 40 மில்லிமீட்டர் நீளமுள்ள போல்ட் நீள்வது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவாகும். இந்த உண்மையை மனத்தில் நன்கு பதித்துக்கொள்ள வேண்டும். நட்டின் அடியில் சாயமோ, துருவோ, மண்ணோ படிந்திருந்தால் இயந்திரம் அதிரும்போது அது நசுங்கி மெலிகிறது. அதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு குறைந்தாலும் போல்ட்டின் இழுவிசையில் ஏறக்குறைய பாதி போய்விடும். நட்டு ஒரு சிறிதும் திரும்பியிராது. பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தோன்றும். ஆனால் உள்ளே பிடிப்புத் தளர்ந்துவிட்டிருக்கும்.

நம் கைவிசை எங்கே செலவாகிறது?

நாம் ஸ்பானரில் செலுத்தும் விசையை நூறு பங்காகக் கொள்வோம். அதில் ஏறத்தாழ 50 பங்கு, நட்டின் அடிப்பாகம் பொருளோடு உராய்வதில் செலவாகிறது. ஏறத்தாழ 40 பங்கு புரிகளின் உராய்வில் செலவாகிறது. எஞ்சிய 10 பங்கு மட்டுமே போல்ட்டை நீட்டி இறுக்கத்தைத் தருகிறது.

இதிலிருந்து இரண்டு செய்திகள் விளங்கும். முதலாவது, புரியில் துருவும் அழுக்கும் மிகுந்திருந்தால் உராய்வு மிகுந்து, அந்தப் பத்துப் பங்கும் குறைந்துபோகும். ஸ்பானர் கையில் கனக்கும்; நட்டு இறுகிவிட்டது என்று நாம் நம்புவோம்; ஆனால் போல்ட்டில் இழுவிசை சேர்ந்திராது. இரண்டாவது, புரியில் எண்ணெய் தடவினால் உராய்வு குறைந்து, வழக்கமான விசைக்கே போல்ட் அளவுக்கு மீறி நீண்டு அறுந்துபோகக்கூடும். ஆகவே எண்ணெய் இடுவதா, உலர்ந்தபடியே முடுக்குவதா என்பதை நம் விருப்பம்போல் முடிவு செய்யலாகாது. இயந்திரத்தைச் செய்தவர் தந்துள்ள குறிப்பேடு கூறுவதையே பின்பற்ற வேண்டும். தனிப்பட எதுவும் கூறப்படவில்லையெனில் லாரி, கார் சக்கர நட்டுகள் அமரும் முகத்தில் எண்ணெயோ கிரீஸோ படாமல் காப்பதே நன்று.

முடுக்கிய நட்டு ஏன் தளர்கிறது?

நட்டு தானாகத் தளர்வது ஏன் என்பதை ஜெர்மானியப் பொறியியலாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969ஆம் ஆண்டில் சோதனைகளால் தெளிவாக விளக்கினார். சாய்வான பலகையின் மேல் ஒரு செங்கல்லை வையுங்கள். உராய்வு அதைப் பிடித்துக்கொள்வதால் அது அசையாது நிற்கும். இப்போது பலகையைப் பக்கவாட்டில் குலுக்குங்கள். செங்கல் பக்கவாட்டில் மட்டும் நகராமல், சிறிது சிறிதாகச் சரிவில் கீழே இறங்கத் தொடங்கும். ஒரு பக்கம் வழுக்கத் தொடங்கிய பொருளைப் பிடித்து நிறுத்த உராய்வுக்கு வலு இல்லாமற்போவதே காரணம்.

நட்டும் அவ்வாறே. புரி என்பது ஒரு சரிவு என்று முன்னர்க் கண்டோம். இணைத்த பொருள்கள் பக்கவாட்டில் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கினால், நட்டு அச்சரிவில் இறங்கிக் கழலத் தொடங்குகிறது. பொருள்கள் வழுக்காதபடி போல்ட் போதிய விசையோடு அழுத்திப் பிடித்திருந்தால் நட்டு கழலுவதில்லை. எனவே நட்டு கழலாதிருக்க முதல் மருந்து சரியான அளவில் முடுக்குவதே. பூட்டு வாஷரும் பசையும் அதற்கு அடுத்த நிலையில் வருபவையே.

முடுக்கும் முறை

முதற்படி தூய்மை. போல்ட்டின் புரியையும், நட்டின் உட்புறத்தையும், நட்டு அமரும் இடத்தையும் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துணியால் துடைக்க வேண்டும். சக்கரம் அமரும் முகத்தில் உள்ள துரு, மண், பொருக்கு எழுந்த சாயம் ஆகியவற்றை நீக்குதல் மிக முக்கியம். புரி தேய்ந்த நட்டையும், வளைந்த போல்ட்டையும், விரிசல் கண்ட வாஷரையும் மீண்டும் பயன்படுத்தலாகாது.

அடுத்து, நட்டை முதலில் கையாலேயே ஏற்ற வேண்டும். ஐந்தாறு சுற்றுகள் விரலாலேயே எளிதாக ஏறினால் புரி சரியாகப் பொருந்தியிருக்கிறது என்று கொள்ளலாம். இரண்டு சுற்றிலேயே இறுகிவிட்டால் ஸ்பானரால் வற்புறுத்தலாகாது. நட்டு கோணலாக ஏறியிருக்கலாம்; அல்லது வேறு வகைப் புரியாக இருக்கலாம். பிரிட்டனில் ஜோசப் விட்வொர்த் என்பவர் 1841ஆம் ஆண்டில் புரிகளுக்கு ஒரே அளவுமுறையை வகுத்துத் தந்தார். அதன் கோணம் 55 பாகை. இன்று வழங்கும் மெட்ரிக் புரியின் கோணம் 60 பாகை. பிரிட்டனில் செய்த பழைய இயந்திரத்தின் போல்ட்டில் மெட்ரிக் நட்டை ஏற்ற முயன்றால் இரண்டின் புரியும் கெட்டுவிடும்.

மூன்றாவது, கருவியின் பொருத்தம். நட்டின் அளவுக்குச் சரியான ஸ்பானரையே எடுக்க வேண்டும். பெரிய ஸ்பானரை இட்டு இடுக்கில் எதையேனும் செருகி முடுக்கினால் நட்டின் முனைகள் மழுங்கும். ஜப்பானிய மோட்டார் சைக்கிள்களின் கூட்டல் குறித் திருகாணிகளைக் கழற்றும்போது திருப்புளி அடிக்கடி நழுவித் தலையைக் கெடுப்பதைப் பலரும் கண்டிருப்பர். அத்திருகாணிகள் பல ஜப்பானியத் தர அளவுப்படி செய்யப்பட்டவை; அவற்றின் பள்ளம் பிலிப்ஸ் எனும் அமெரிக்க வகையிலிருந்து சற்று வேறுபட்டது. அதற்கென உள்ள திருப்புளியைக் கொண்டு, முதலில் நன்கு அழுத்தி, பின்னர்த் திருப்ப வேண்டும்.

நான்காவது, ஒழுங்கு. பல நட்டுகள் உள்ள இடத்தில் ஒன்றை முழுவதும் முடுக்கிவிட்டு அடுத்ததற்குச் செல்லலாகாது. அப்படிச் செய்தால் சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்து அமரும். நான்கு நட்டுகள் இருப்பின் எதிரெதிராக முடுக்க வேண்டும். ஐந்து நட்டுகள் இருப்பின் 1, 3, 5, 2, 4 என்ற வரிசையில், நட்சத்திரம் வரைவதுபோல் செல்ல வேண்டும். முதல் முறை இலேசாகவும், இரண்டாம் முறை பாதி அளவும், மூன்றாம் முறை முழு அளவும் முடுக்க வேண்டும். சக்கரத்தைத் தரையில் இறக்கிய பிறகே கடைசி முடுக்கு.

இரு துண்டுகளாகப் பிளந்த வளையத்தால் ஒரு குழாயைப் பிடிக்கும் அமைப்பிலும் இதே விதி பொருந்தும். புல் வெட்டும் இயந்திரத்தின் கைப்பிடியைக் குழாயோடு சேர்த்துப் பிடிப்பது அத்தகைய வளையமே. ஒரு பக்கத் திருகாணியை முழுக்க முடுக்கினால் வளையம் கோணலாகிக் குழாயை நசுக்கும், மறுபக்கம் பிடிப்பில்லாமற்போகும். இருபுறமும் உள்ள இடைவெளி ஒரே அளவாக இருக்குமாறு, மாறி மாறிச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். துப்பாக்கியின் மேல் குறி பார்க்கும் தொலைநோக்கியைப் பொருத்துவோரும் இவ்வாறே செய்கின்றனர். அங்கே உள்ளவை மிகச் சிறிய திருகாணிகள். அவற்றுள் ஒன்று தளர்ந்தாலும் குறி தவறும். ஒன்றை மிகுதியாக முடுக்கினாலும் தொலைநோக்கியின் குழாய் நசுங்கும். சிறு திருகாணிக்கும் பெரிய போல்ட்டுக்கும் நியதி ஒன்றே என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

ஐந்தாவது, அளவு. முறுக்கு விசையை அளந்து காட்டும் ஸ்பானர், டார்க் ஸ்பானர் எனப்படும். சிறு காரின் சக்கர நட்டுக்கு ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் வேண்டும். 40 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் நுனியை 25 கிலோ எடைக்கு ஈடாக அழுத்தினால் இது கிடைக்கும். பத்து நட்டுகள் கொண்ட பெரிய லாரிச் சக்கரத்திற்கோ 600 நியூட்டன் மீட்டரை ஒட்டிய விசை தேவைப்படும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பியின் நுனியில் நிற்பதற்கு அது சமம். ஒவ்வொரு வாகனத்திற்கும் உரிய அளவு அதன் குறிப்பேட்டில் உண்டு. தோட்டத்துப் பட்டறையில் அவ்வளவுகளை ஒரு பலகையில் எழுதி மாட்டி வைப்பது பெரும் பயன் தரும்.

அளவுக்கு மீறினால்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பர். ஸ்பானரின் நுனியில் நீண்ட குழாயைச் செருகித் தொங்குவதும், சிறிய நட்டின் ஸ்பானரைக் காலால் மிதிப்பதும் கேட்டையே விளைவிக்கும். ரப்பர் வளையத்தை ஓரளவு இழுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பும்; மிகுதியாக இழுத்தால் தொய்ந்து பயனற்றுப் போகும். போல்ட்டும் எல்லை மீறி நீண்டால் திரும்புவதில்லை. அது அன்றே அறுந்துபோகாமல், மெலிந்த நிலையில் சில நாள் வேலை செய்து, பின்னர் ஓடும் சக்கரத்தில் அறுந்து விழக்கூடும்.

லாரிச் சக்கரத்தில் ஒரு போல்ட் அறுந்திருந்தால் அதன் சுமையை இருபக்கத்து போல்ட்டுகளும் தாங்கியிருக்கும். ஆகவே அறுந்ததை மட்டும் மாற்றாமல் அதன் இருபக்கத்திலும் உள்ளவற்றையும் சேர்த்து மாற்றுவதே முறை. அலுமினிய உலோகத்தில் அமைந்த புரிகள் இன்னும் மென்மையானவை. மோட்டார் சைக்கிளில் எஞ்சின் எண்ணெய் வடிக்கும் அடித்திருகாணியை ஓங்கி முடுக்கி, எஞ்சினின் புரியையே பிய்த்துக்கொண்டவர் பலர்.

இடப்பக்கம் திரும்பும் புரி

பெரும்பாலான நட்டுகள் கடிகார முள் சுற்றும் திசையில், அதாவது வலஞ்சுழியாகச் சுற்றினால் இறுகும். சில இடங்களில் மட்டும் புரி மாறி அமைந்திருக்கும். அவை இடஞ்சுழியாகச் சுற்றினால்தான் இறுகும். இதை அறியாதவர் கழற்றுவதாக எண்ணி முடுக்குவர். முடுக்குவதாக எண்ணித் தளர்த்துவர். பின்னதே அபாயம்.

சைக்கிளின் வலப்பக்கப் பெடலில் சாதாரணப் புரியும், இடப்பக்கப் பெடலில் மாற்றுப் புரியும் உள்ளன. மிதிக்கும் விசை பெடலின் ஆணியை ஓயாது சுற்றிச் சுற்றி அழுத்துவதால், இடப்பக்கத்தில் சாதாரணப் புரி இருந்தால் அது நாளடைவில் கழன்றுவிடும். அதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு.

புல் வெட்டும் இயந்திரத்தின் தகட்டைப் பிடிக்கும் நட்டும் பெரும்பாலும் மாற்றுப் புரி கொண்டதே. தகடு தடித்த தண்டில் மோதித் தயங்கும்போது எழும் விசை நட்டை மேலும் இறுக்கும் திசையிலேயே செல்லுமாறு அது அமைக்கப்பட்டுள்ளது. தகட்டை மாற்றும்போது பின்வருவனவற்றைத் தவறாது செய்ய வேண்டும்.

எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கின் மூடியைக் கழற்றிவிட வேண்டும். தடித்த கையுறை அணிய வேண்டும். தலைப்பகுதியில் உள்ள துளையில் உரிய கம்பியைச் செருகித் தண்டு சுற்றாமல் நிறுத்த வேண்டும். தகட்டின் நடுத்துளை அதற்குரிய மேட்டில் நன்றாகப் படிந்த பின்னரே கிண்ணத்தையும் நட்டையும் ஏற்ற வேண்டும். முடுக்கிய பின் செருகிய கம்பியை எடுத்துவிட்டோமா என்று பார்க்க வேண்டும். நட்டு விரலாலேயே எளிதாகச் சுற்றும் அளவுக்குத் தேய்ந்திருந்தால் புதியதை இட வேண்டும். வேலை செய்கையில் பிறர் எவரும் 15 மீட்டருக்குள் நெருங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பூட்டும் வழிகள்

அதிர்வு மிகுந்த இயந்திரங்களில் நட்டைப் பூட்டி வைக்கப் பல வழிகள் உள்ளன. வில்போல் வளைந்த ஸ்பிரிங் வாஷர் நமக்குப் பழக்கமானது. ஆனால் பக்கவாட்டு அசைவு மிகுந்த இடத்தில் அது நட்டைத் தடுத்து நிறுத்துவதில்லை என்பதைச் சோதனைகள் காட்டியுள்ளன. அதை மட்டும் நம்பியிருத்தல் தகாது.

தலைப்பகுதியில் நைலான் வளையம் பதித்த நட்டு புரியை இறுகப் பற்றிக்கொள்ளும். ஆனால் கழற்றி மாட்டுந்தோறும் அதன் பிடிப்புக் குறையும். ஆகவே புதியதை இடுவதே நன்று. ஏறத்தாழ 120 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் நைலான் இளகிவிடும். எனவே புகைக்குழாய்க்கு அருகில் அது உதவாது. போல்ட்டில் துளையிட்டுப் பிளவு ஊசியைச் செருகி வளைத்து விடுவது பழைய முறையே ஆயினும் மிகவும் நம்பத்தக்கது. ஒரு முறை வளைத்த ஊசியை மீண்டும் பயன்படுத்தலாகாது.

புரியில் இடும் பிடிப்புத் திரவம் இன்னொரு வழி. லாக்டைட் என்ற பெயரால் பலரும் அறிந்த இத்திரவத்தை, அமெரிக்க வேதியியல் பேராசிரியரான வெர்னன் கிரீபிள் 1953ஆம் ஆண்டில் உருவாக்கினார். காற்றுப் படும் வரை இது திரவமாகவே இருக்கும். புரிகளுக்கிடையே காற்றுப் புகாத இடத்தில் இரும்போடு சேரும்போது கெட்டியாகிவிடும். பொதுவாக நீல நிறத் திரவத்தை இட்ட நட்டைச் சாதாரண ஸ்பானராலேயே கழற்றலாம். சிவப்பு நிறத் திரவத்தை இட்டால் ஏறத்தாழ 250 பாகை வரை சூடாக்கினால்தான் கழலும். ஆகவே அடிக்கடி கழற்ற வேண்டிய இடத்தில் சிவப்பு நிறத்தை இடுவது தொல்லைக்கே வழி வகுக்கும்.

புரியில் எண்ணெய்ப் பசை இருந்தால் இத்திரவம் நன்கு பிடிக்காது. துடைத்து உலர்த்திய புரியில் ஓரிரு துளிகளே போதும். முழு வலுவடைய ஒரு நாள் ஆகும். சில வகைப் பிளாஸ்டிக்கை இது வெடிக்கச் செய்யும். கண்ணிலும் தோலிலும் படாமல், குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைத்திருக்க வேண்டும். லாரி, கார் சக்கர நட்டுகளில் இதை இடலாகாது. அவற்றைச் சரியான அளவில் முடுக்கி, மீண்டும் மீண்டும் பார்த்துவருவதே முறை.

மறுபார்வையே காவல்

புதிதாக மாட்டிய சக்கரம் ஓடத் தொடங்கியதும் தன் இடத்தில் படிந்து அமர்கிறது. அப்போது நட்டின் இழுவிசை குறையும். அதனால் சக்கரத்தை மாற்றிய பின் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டுகளையும் மறுபடி உரிய அளவில் சோதிக்க வேண்டும். தோட்டத்திற்குள்ளேயே ஓடும் டிராக்டரானால் குறிப்பேட்டில் கூறிய மணி நேரத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

இதற்கு ஓர் எளிய உபாயம் உண்டு. முடுக்கி முடித்ததும் நட்டிலிருந்து சக்கரத்தின்மேல் வரை ஒரே கோடாகச் சாயத்தால் குறியிட்டு வைக்க வேண்டும். நட்டு சிறிது திரும்பினாலும் கோடு உடைந்து காட்டும். லாரி நட்டுகளின்மேல் மஞ்சள், செம்மஞ்சள் நிறத்தில் அம்புபோல் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் காட்டிகளும் இதற்காகவே உள்ளன. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. நட்டு திரும்பாமலேயே இழுவிசை குறையக்கூடும் என்று முன்னர்க் கண்டோம். ஆகவே கோடு நேராக இருப்பதே போதும் என்று ஸ்பானரை மறந்துவிடுதல் கூடாது.

கண்ணுக்குத் தெரியும் வேறு அடையாளங்களும் உண்டு. நட்டைச் சுற்றிலும் துருநீர் வழிந்த கோடு, துளையைச் சுற்றித் தேய்ந்து பளபளக்கும் இரும்பு, புதிதாகத் தோன்றிய தடதட ஓசை, வழக்கத்துக்கு மாறான அதிர்வு ஆகியவை நட்டு தளர்ந்திருப்பதன் முன்னறிவிப்புகளாகும். இவற்றுள் எதைக் கண்டாலும் வண்டியையோ இயந்திரத்தையோ உடனே நிறுத்த வேண்டும். வேலை முடியட்டும், மாலையில் பார்த்துக்கொள்வோம் என்று தள்ளிப்போடுதல் ஆபத்தை அழைப்பதற்கு ஒப்பாகும்.

கடமையும் உரிமையும்

வேலையிடப் பாதுகாப்பு என்பது நிர்வாகத்தின் பொறுப்பு மட்டுமன்று. தொழிலாளர் பொறுப்பும் ஆகும். மலேசியாவின் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், பாதுகாப்பான இயந்திரங்களை வழங்கிப் பேணும் கடமையை முதலாளிமீது சுமத்துகிறது. தன் பாதுகாப்பிலும், தன் செயலால் பாதிக்கப்படக்கூடிய பிறர் பாதுகாப்பிலும் தக்க கவனம் செலுத்தும் கடமையைத் தொழிலாளிக்கும் விதிக்கிறது. இச்சட்டத்திற்குச் செய்யப்பட்ட திருத்தங்கள் 2024ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி, உடனடி ஆபத்து உள்ளது என்று நம்புவதற்குத் தக்க காரணம் இருந்து, அதை நீக்க முதலாளி நடவடிக்கை எடுக்கவில்லையெனில், தொழிலாளி அவ்வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம்.

ஆகவே டிராக்டரின் சக்கரத்தில் நட்டு ஒன்று குறைந்திருப்பதைக் கண்டால் அதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. ஓட்டுநரிடமும் மேற்பார்வையாளரிடமும் உடனே தெரிவியுங்கள். சொன்னவர் வேலையைத் தடுத்தவர் ஆகார். வண்டியில் ஏறவிருந்த அத்தனை பேரையும் காத்தவரே ஆவார். பட்டறையில் பணிபுரிவோர் தாம் முடுக்கிய சக்கரத்தின் எண்ணையும், முடுக்கிய தேதியையும், மறுபடி பார்க்க வேண்டிய நாளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கும் வழக்கத்தை மேற்கொண்டால், ஒருவர் விடுப்பில் சென்றாலும் அடுத்தவர் அவ்வேலையைத் தொடர்வதற்கு ஏதுவாகும்.

தோட்டத்தில் இளைஞர் பலர் தம் மோட்டார் சைக்கிளைத் தாமே பழுது பார்க்கின்றனர். இது பாராட்டத்தக்கது. அவர்கள் ஸ்பானரைக் கையில் எடுக்கும்போது தம் வலுவைக் காட்டும் எண்ணத்தை விடுத்து, முதலில் துடைத்து, கையால் ஏற்றி, எதிரெதிராக, அளவறிந்து முடுக்கி, மறுநாள் மீண்டும் ஒரு முறை பார்க்கும் வழக்கத்தைக் கைக்கொள்வார்களாக. இதற்கு ஆகும் நேரம் சில நிமிடங்களே. அச்சில நிமிடங்களைச் செலவிடுவோர், காலையில் வேலைக்குப் புறப்படும் அனைவரும் மாலையில் நலமாக வீடு திரும்பத் துணை செய்பவராவர்.